பதினாறு கைப்பேசிகள்

ஓர் அணிக்கு மேனேஜராக இருப்பவனுக்கு விளையாடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. துண்டுகளை எண்ணத் தெரிந்தால் போதும். நான் பத்தொன்பது வருடம் எண்ணினேன். போகும்போது நாற்பது இருக்கும், திரும்பும்போது முப்பத்தாறு. எந்த நாட்டுக்குப் போனாலும் நான்கு துண்டுகள் எங்கேயோ போய்விடும். கடைசியில் அதற்கும் பழகிவிட்டேன்.

எங்கள் ஆட்டம் இன்லைன் ஹாக்கி. பார்த்தவர்கள் குறைவு. ஐஸுக்குப் பதிலாக பிளாஸ்டிக் பலகைகள் கோத்த தரை, பூட்ஸுக்கு அடியில் ஒரே வரிசையில் நான்கு சக்கரம், கையில் மட்டை, அதால் தள்ளிக்கொண்டு போக ஒரு சின்ன வட்டு. பக்கத்துக்கு நான்கு பேர் ஓடுவார்கள், ஒருவர் கோல் காப்பார். பன்னிரண்டு நிமிடம் வீதம் நான்கு பகுதி. நாடுகளுக்கு இடையிலான போட்டி இரண்டு பிரிவாக நடக்கும். முதல் பிரிவில் ஆடுகிறவர்களுக்கு அது வேலை. இரண்டாவது பிரிவில் ஆடிய எங்களுக்கு அது லீவு போட்டுவிட்டுச் செய்கிற காரியம். எங்கள் கேப்டன் பல் டாக்டர். பயிற்சியாளர் பேருந்து ஓட்டுபவர். இரண்டாம் பிரிவில் ஜெயிக்கிற ஓர் அணி மட்டும் அடுத்த வருடம் மேலே போகும். மூன்று முறை கடைசி ஆட்டம் வரை போய் நாங்கள் தோற்றிருந்தோம். நான்காவது முறை பற்றித்தான் சொல்லப் போகிறேன்.

கோல்கீப்பர் என் மாப்பிள்ளை. லிஃப்ட் மெக்கானிக். அணியில் அவருக்குக் 'கதவு' என்று பெயர். என் மகள் ஒருநாள் என்னோடு பயிற்சிக்கு வந்தவள், கவசமெல்லாம் மாட்டிக்கொண்டு நின்ற அவரைப் பார்த்து, "என்னப்பா இவர், சோபாவுக்கு உறை போட்ட மாதிரி நிக்கிறார்" என்றாள். அவர் காதில் விழுந்துவிட்டது. முகமூடியை மேலே தூக்கி, "உக்காரணும்னா கேட்டுட்டு உக்காருங்க மேடம்" என்றார். ஒன்றரை வருடத்தில் கல்யாணம். அதற்குப் பிறகும் அவளை அவர் மேடம் என்றுதான் கூப்பிட்டார். அவள் அம்மா அவளுடைய பதினோராவது வயதில் போய்விட்டாள். வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு வெகுகாலம் ஆகியிருந்தது. அவர் வந்தது எனக்கும் ஆறுதலாக இருந்தது என்பதைச் சொல்லிவிட வேண்டும்.

கைப்பேசிகளை வாங்கி வைக்கும் வழக்கம் என் யோசனை இல்லை. அந்தப் போட்டிக்கு இரண்டு வருடம் முன்பு அரையிறுதிக்குப் போகும் காலையில் கேப்டனுக்கு வீட்டிலிருந்து அழைப்பு வந்தது. அப்பா குளியலறையில் விழுந்துவிட்டார் என்றார்கள். அவர் அன்று நடைப்பிணமாக ஆடினார். ஒன்பதுக்கு இரண்டில் தோற்றோம். மாலையில் கூப்பிட்டுப் பார்த்தால் அப்பா டிவி பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகுதான், ஆட்ட நாளில் காலைச் சாப்பாட்டோடு எல்லோருடைய கைப்பேசியும் ஒரு பைக்குள் போய்விட வேண்டும், ஆட்டம் முடிந்துதான் வெளியே வர வேண்டும் என்று முடிவானது. பை மேனேஜரிடம் இருக்கும்.

"அவசரம்னா என்ன பண்றது?" என்று ஒருவன் கேட்டான்.

"மேனேஜர் பாத்துச் சொல்லுவாரு" என்றார் பயிற்சியாளர்.

"அவரு கண்ணாடியத் தேடி எடுக்கறதுக்குள்ள அவசரம் ஆறிப் போயிடும்."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். பிறகு ஒவ்வொருவராகத் திறக்கும் எண்ணை எனக்கு எழுதிக் கொடுத்தார்கள். மாப்பிள்ளை எழுதவில்லை. "எங்க கல்யாணத் தேதிதான் மாமா. எனக்கு மறந்தாலும் உங்களுக்கு மறக்காது" என்றார். ஆக, பதினாறு வீடுகளின் நல்லதும் கெட்டதும் என் மடியில் இருந்தன. எது செய்தி, எது செய்தி இல்லை என்று நான் தீர்மானித்தேன். எல்லோரும் சேர்ந்து கொடுத்த பொறுப்பு அது.

அந்தப் போட்டிக்குக் கிளம்பும்போது மகளுக்கு எட்டாவது மாதம் நடந்தது. மாப்பிள்ளை வரவில்லை என்றுதான் முதலில் சொன்னார். அவள்தான் அனுப்பினாள். "ஒரு வாரம் இந்தக் கதவை வாசல்ல இருந்து கழட்டி எடுத்துட்டுப் போங்கப்பா, காத்து வரட்டும்" என்றாள். எனக்கு அப்போது அறுபத்தொரு வயது. மேலே போனாலும் போகாவிட்டாலும் இதோடு விட்டுவிடுகிறேன் என்று அவளிடம் சொல்லியிருந்தேன். மேலே போகாமல் விடுவதை நினைத்தாலே அலுப்பாக இருந்தது. பத்தொன்பது வருடம் உழைத்தும் கையில் ஒன்றுமில்லாமல் வீட்டில் உட்கார்ந்திருப்பது என்றால் என்னவென்று, உட்கார்ந்தவர்களுக்குத்தான் தெரியும்.

அரையிறுதியில் ஜெயித்தோம். ஆனால் அன்று மாற்றுக் கோல்கீப்பருக்குத் தொடையில் தசை பிடித்துக்கொண்டது. அவனால் நிற்க முடிந்தது, குனிய முடியவில்லை. குனிய முடியாத கோல்கீப்பரை வைத்துக்கொண்டு ஒன்றும் செய்ய முடியாது. கடைசி ஆட்டத்துக்கு எங்களிடம் இருந்தது ஒரே ஒரு கதவு. இதைக் கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அன்றைக்கு நான் செய்ததற்கெல்லாம் காரணம் இதுதான்.

கடைசி ஆட்டம் மதியம் மூன்று மணிக்கு. எட்டு மணிக்குக் கைப்பேசிகளை வாங்கினேன். ஒன்பது இருபதுக்கு மாப்பிள்ளையின் கைப்பேசியில் மகளிடமிருந்து வந்தது: 'நேத்துல இருந்து தலைவலி விடல. கால் பொதபொதன்னு இருக்கு.' மாத்திரை போட்டுக்கொண்டு படு என்று பதில் எழுதினேன். நான் எழுதுகிறேன் என்று எழுதவில்லை. எழுதினால் விளக்க வேண்டியிருக்கும். 'மேடம்' என்று தொடங்கினேன்.

பத்து மணிக்கு என் கைப்பேசிக்கே கூப்பிட்டாள்.

"அப்பா, அவர்கிட்ட ஒரு நிமிஷம் குடுங்களேன்."

"தூங்கறாரும்மா. மேட்ச் நாள்."

"எழுப்பினா கதவு உடைஞ்சா போயிடும்?"

"சாயங்காலம் பேசலாமே. நீ எப்படி இருக்க?"

"தெரியலப்பா" என்றாள். பிறகு, "சரி, தூங்கட்டும்" என்றாள்.

பதினொன்றரைக்குக் கண்ணுக்கு முன்னால் பூச்சி பறக்கிறது என்று எழுதினாள். பன்னிரண்டே முக்காலுக்குத் தன் கையைப் படம் எடுத்து அனுப்பினாள். மோதிரம் சதைக்குள் புதைந்திருந்தது. அடுத்ததாக, பக்கத்து வீட்டுத் தையல்கார அக்கா ஆஸ்பத்திரிக்குப் போகலாம் என்று வண்டி கூப்பிடப் போகிறாள், போகட்டுமா என்று கேட்டிருந்தாள்.

நான் பதற்றப்படவில்லை. ஹோட்டலின் மாடிப்படியில் உட்கார்ந்து யோசித்தேன். ஆஸ்பத்திரிக்குப் போனால் சேர்த்துக்கொள்வார்கள். சேர்த்துக்கொண்டால் கணவர் எங்கே என்பார்கள். அக்கா கேப்டனின் மனைவிக்குச் சொல்வாள், அந்தப் பெண் போட்டி நடத்துகிறவர்களின் எண்ணைத் தேடிப் பிடித்துவிடுவாள், கெட்டிக்காரி. மூன்று மணிக்கு மாப்பிள்ளை விமான நிலையத்தில் இருப்பார், கோலில் தொடை பிடித்த பையன் இருப்பான். ஐந்து மணிக்குப் போனாலும் அதே ஆஸ்பத்திரி, அதே டாக்டர் என்று தோன்றியது. நான்கு மணி நேரம்தானே.

எழுதினேன்: 'மேடம் இப்ப போக வேணாம். அங்க போனா படுக்கப் போட்டுடுவாங்க. மேட்ச் முடிஞ்சதும் நானே டாக்டர்கிட்ட பேசறேன். அக்காகிட்ட சொல்லு நான் சொன்னேன்னு.' அவர் எழுதுவது போலவே இருந்தது. அவருடைய பழைய செய்திகளைப் படித்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினேன். 'சரி' என்று பதில் வந்தது. பிறகு அன்று காலையிலிருந்து வந்ததையும் போனதையும் அவருடைய கைப்பேசியிலிருந்து அழித்தேன்.

எனக்கு விவரம் தெரியாது என்று நினைத்துவிடக் கூடாது. போன மாதப் பரிசோதனைக்கு அவளோடு போனது நான். மாப்பிள்ளை பயிற்சியில் இருந்தார். டாக்டரம்மா என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: "தலைவலி, வீக்கம், கண்ணுல பூச்சி. இந்த மூணுல ரெண்டு வந்தாலே ஒரு மணி நேரம்கூட வீட்ல வெச்சுக்கக் கூடாது." அதை ஒரு சீட்டில் எழுதிப் பர்ஸில் வைத்திருந்தேன். மாடிப்படியில் உட்கார்ந்திருந்தபோதும் அது பர்ஸில் இருந்தது. மூன்றுமே வந்திருந்தன. எடுத்துப் பார்க்கவில்லை. எழுதியது நான்தானே, மறக்கவா போகிறது.

ஆட்டம் நன்றாக இருந்தது. மாப்பிள்ளை அப்படி ஆடி நான் பார்த்ததில்லை. மூன்றாம் பகுதியில் ஒரு வட்டு அவர் முகமூடியில் நேராக அடித்து, கொஞ்ச நேரம் முட்டி போட்டு உட்கார்ந்திருந்தார். பிறகு எழுந்து கையை ஆட்டினார். நான்குக்கு மூன்றில் ஜெயித்தோம். பல் டாக்டர் தரையில் குப்புறப் படுத்து அழுதார். பயிற்சியாளர் என்னைக் கட்டிக்கொண்டு, "போதும்யா, இனிமே நான் பஸ்ஸ மட்டும் ஓட்டறேன்" என்றார். அப்போது மணி நாலரை. பைக்குள் மாப்பிள்ளையின் கைப்பேசியில் அக்காவின் அழைப்புகள் ஒன்பதும், ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டதாக ஒரு செய்தியும் இருந்தன. பரிசு கொடுத்து முடியும்வரை காத்திருந்தேன். பிறகு மாப்பிள்ளையைத் தனியாகக் கூப்பிட்டு, "இப்பத்தான் ஃபோன் வந்தது, அவளை ஆஸ்பத்திரியில சேத்திருக்காங்களாம்" என்றேன். அவர் பதக்கத்தைக் கழற்றக்கூட இல்லை, அப்படியே கிளம்பினார்.

மகள் நான்கு மணிக்கு வலிப்பு வந்து விழுந்திருந்தாள். நாங்கள் விமானத்தில் இருந்தபோது போய்விட்டாள். குழந்தை நாற்பது நிமிடம் இருந்தது. பெண் குழந்தை.

ஆஸ்பத்திரியில் அவளுடைய பொருட்களை ஒரு உறையில் போட்டு என் கையில் கொடுத்தார்கள். கைப்பேசியும் இருந்தது. அதிலிருந்ததையும் அழித்தேன். ஆனால் போக வேண்டாம் என்று நான் எழுதியதை அந்தத் தையல்கார அக்கா அன்று மத்தியானமே படித்திருந்தாள். காரியம் முடிந்து எல்லோரும் உட்கார்ந்திருந்த இடத்தில் எழுந்து வந்து மாப்பிள்ளையின் முன்னால் நின்றாள். "போக வேணாம்னு எழுதினியே, நீ மனுஷனா?" என்றாள்.

மாப்பிள்ளை என்னைத் தேடிக்கொண்டு பின்பக்கம் வந்தார். "மாமா, நான் எழுதினேனா? ஃபோன் உங்ககிட்டதானே இருந்தது?"

என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். "மத்தியானம் அஞ்சு நிமிஷம் வாங்கினீங்களே மாப்பிள்ளை. மேட்ச் டென்ஷன்ல இருந்தீங்க. அப்புறம் மண்டையில வேற அடி" என்றேன். "உங்க மேல தப்பு இல்ல. யாருக்குத் தெரியும் இப்படி ஆகும்னு."

நெற்றியில் அடிபட்ட இடத்தைத் தொட்டுப் பார்த்தார். பிறகு, "ஆமா, வாங்கின மாதிரிதான் இருக்கு" என்றார்.

அதற்குப் பிறகு அவர் கோலில் நிற்கவில்லை. வேறு கல்யாணமும் செய்துகொள்ளவில்லை. என்னைத் தனியாக விடக் கூடாது என்று என் வீட்டுக்கே வந்துவிட்டார். எட்டு வருடம் எனக்குச் சமைத்துப் போட்டார், கண் ஆபரேஷனுக்குக் கூட்டிப் போனார், மருந்து ஊற்றினார். சில நாள் சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "நான் எப்படி மாமா அப்படி எழுதினேன்?" என்பார். விடுங்க மாப்பிள்ளை, சாப்பிடுங்க என்பேன். குடித்தார். குடிக்காதீர்கள் என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அவருக்கு ஆறுதல் சொல்ல என்னைத் தவிர யாரும் இருக்கவில்லை. போன மாதம் ஈரல் கெட்டு இறந்துபோனார். நாற்பத்தொரு வயது. இனி இதைச் சொன்னால் யாருக்கும் வலிக்கப் போவதில்லை.

ஆட்டத்தன்று இன்னொரு செய்தியும் வந்தது. அதை மட்டும் அழிப்பதற்கு முன் இரண்டு முறை படித்தேன்.

பாதி ஆட்டம் முடிந்து எல்லோரும் உடை மாற்றும் அறையில் இருந்தார்கள். மாப்பிள்ளை என்னிடமிருந்து கை நீட்டினால் தொடும் தூரத்தில், முகமூடியைத் தலைக்கு மேல் தள்ளிவிட்டுத் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பைக்குள் அவருடைய கைப்பேசி அதிர்ந்தது. குனிந்து பார்த்தேன். 'அப்பா, எழுதறது நீங்கதான்னு தெரியுது. பரவால்ல. ரொம்ப முடியல. அவர்கிட்ட ஃபோனைக் குடுங்க.'

"மேடமா?" என்றார் மாப்பிள்ளை.

"ஜெயிச்சுட்டு வரச் சொல்றா" என்றேன். அவர் சிரித்துக்கொண்டு முகமூடியை இறக்கினார். நான் பையின் ஜிப்பை இழுத்து மூடினேன்.

பரவால்ல என்று அவளே எழுதியிருந்தாள். மகளே மன்னித்துவிட்ட விஷயத்தை மாப்பிள்ளையிடம் சொல்லி, எதற்கு அவர் மனதைக் கஷ்டப்படுத்த வேண்டும் என்றுதான் இத்தனை வருடம் சும்மா இருந்துவிட்டேன்.