மூளைப் புரதமும் வாத்து முட்டையும்

தஞ்சாவூரிலிருந்து ஒரத்தநாடு போகும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் மூன்று பேர். ஜன்னலோரம் கை நடுங்கும் பெரியவர், நடுவில் அவர் மனைவி, இந்தப் பக்கம் முக்காடு போட்ட ஒரு பெண். பஸ் புறப்பட்டதும் மனைவி அந்தப் பெண்ணிடம் சொன்னார்:

"இவருக்கு மூளையில புரதம் சேந்துபோச்சாம். அதான் ரெண்டு மாசமா முட்டையே குடுக்கறதில்ல."

"புரதம் நல்லதுதானேக்கா? எம் மகளுக்கு அது பத்தலன்னு தினம் முட்டை குடுக்கச் சொன்னாங்களே."

"எனக்கும் அதான் புரியல. மூளைக்குள்ள சேதி போறதுக்கு அந்தப் புரதம்தான் ஒத்தாசையாம். இப்ப அதுவே கட்டி கட்டியாத் திரண்டு சேதியக் கெடுக்குதாம்."

"அது உடம்பு தானா உண்டாக்குறதா இருக்கும். திங்கிற முட்டை எப்புடி மூளைக்குப் போவும்?"

"போவாதா? நான் பருப்பையும்ல நிறுத்திட்டேன்!"

"டாக்டரக் கேட்டீங்களா?"

"வெளிய அவ்வளவு கூட்டம். கேக்கல."

எனக்கும் பதில் தெரிந்த மாதிரியும் இருந்தது, தெரியாத மாதிரியும் இருந்தது.

அறுவடை முடிந்த வயலில் வாத்துகள் மேய்ந்துகொண்டிருந்தன. பெரியவர் அவற்றையே பார்த்துக்கொண்டு வந்தார்.

"வாத்து முட்டைன்னா இவருக்கு உசுரு," என்றார் மனைவி. "இப்பல்லாம் கேக்கறதே இல்ல. மறந்துட்டாரு போல."

பெரியவர் ஜன்னலிலிருந்து முகத்தைத் திருப்பவில்லை.

"மறக்கல. கேட்டா நீ அழுவுற."