மேடத்தின் தாடை

வரவேற்பு மேஜையில் உட்காருகிறவளுக்கு முதலில் பொறுமை வேண்டும், சார். எனக்கு அது நிறையவே உண்டு. ஒன்பது வருஷம் அந்த மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன்.

மேடம் செய்தது உடம்பு வழியாக மனசைக் குணப்படுத்தும் வைத்தியம். துக்கம், கோபம் என்று யார் வந்தாலும், "அது உடம்புல எங்க இருக்கு?" என்றுதான் முதலில் கேட்பார். ஒருத்தருக்குத் தோளில் இருக்கும், ஒருத்தருக்கு வயிற்றில். விறைப்பாக வந்த ஓர் அதிகாரி, மேடம் கழுத்தில் கை வைத்ததும், செத்துப்போன அண்ணனை நினைத்துக் குழந்தை மாதிரி அழுதார். போகும்போது என் பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டு, மறக்காமல் திருப்பிக்கூடக் கொடுத்தார். அவ்வளவு மாறிவிட்டார்.

கத்தித் தீர்ப்பதற்கென்று பின்னால் ஓர் அறை. நாலு சுவரிலும் மெத்தை, கனத்த கதவு, அதில் உள்ளங்கை அளவு கண்ணாடி. உள்ளே என்ன கத்தினாலும் என் மேஜைக்கு முனகல் மாதிரிதான் கேட்கும்.

குறை மேடத்திடம்தான் இருந்தது. என்னிடம் பேசும்போது மட்டும் அவருக்குத் தாடை இறுகும். ஒரே நேரத்துக்கு மூணு பேரை வரச் சொல்லிவிடுவேன்; காத்திருக்கிறவர்களுக்கு எனக்குத் தோன்றிய வைத்தியத்தையும் சொல்லி அனுப்பிவிடுவேன். "பரவாயில்லம்மா" என்பார், பல்லைக் கடித்துக்கொண்டு. ஊரார் கோபத்தையெல்லாம் இளக்குகிறவர், தன் கோபத்தை விழுங்கிக்கொண்டிருந்தார். எனக்கு மனசு கேட்கவில்லை.

திங்கட்கிழமை என்னைக் கூப்பிட்டு, "அடுத்த மாசத்துல இருந்து நீ வர வேண்டாம்மா. வேற ஆள் பாத்துட்டேன்" என்றார்.

"சரிங்க மேடம். அது உங்க உடம்புல எங்க இருக்கு?"

சிரித்தார். தாடை அசையவே இல்லை.

பின்னறையில் மெத்தை கிழிந்திருக்கிறது என்றேன். போனை என் மேஜையில் வைத்துவிட்டுப் பார்க்கப் போனார். வெளியே பூட்டினேன்.

முதல் ஒரு மணி நேரம் மரியாதையாகத்தான் கூப்பிட்டார். அதெல்லாம் அடக்கி வைப்பது. அப்புறம், "அடிப்பாவி, கதவத் தொறடி" என்று வந்தது. ஒன்பது வருஷத்தில் என்னை 'டி' போட்டது அதுதான் முதல் தடவை. நோட்டில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதிக்கொண்டேன். செவ்வாய்க்கிழமை அழுகை, அடிவயிற்றிலிருந்து. வந்தவர்களை, "மேடம் இந்த வாரம் தன்னைத்தானே பாத்துக்கிறாங்க" என்று திருப்பி அனுப்பினேன். எல்லாரும் பாராட்டினார்கள். வெளியூரில் இருந்த அவர் வீட்டுக்காரர் போனில் கேட்டார். "உள்ள இருக்காங்க சார், நடுவுல தொந்தரவு பண்ணக் கூடாது" என்றேன். நான் பொய் சொல்கிறவள் இல்லை.

வெள்ளிக்கிழமை காலை கண்ணாடி வழியாகப் பார்த்தேன். தோள் இறங்கியிருந்தது. விரல்கள் விரிந்திருந்தன. தாடை முழுசாகத் தளர்ந்து, வாய் லேசாகத் திறந்திருந்தது. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, சார்.

சாயங்காலம் உள்ளே போய்த் தொட்டால் உடம்பு பழையபடி இறுகிக் கிடந்தது, முன்னைவிட மோசமாக. பாதியில் விட்டால் திரும்பி வரும் என்று அவரே சொல்லியிருக்கிறார். அதனால் மறுபடி பூட்டிவிட்டு வந்தேன்.

பூட்டினது நான்தான், மறுக்கவில்லை. வேலையை விட்டு நிறுத்தினதற்காகச் செய்தேன் என்று மட்டும் எழுதாதீர்கள். எனக்குக் கோபமே வராது. சனிக்கிழமை அந்தப் புதுப் பெண் இடத்தைப் பார்க்க வந்தாள். என் நாற்காலியில் உட்கார்ந்துகூடப் பார்த்தாள். பாவம், அவளுக்கும் தோளெல்லாம் ஒரே இறுக்கம். உள்ளே கூட்டிக்கொண்டு போகும்போதுதான் நீங்கள் வந்துவிட்டீர்கள்.