எந்த ராசாவின் காசு

மாலை ஆறரை மணி. இலங்கை மலைநாட்டில், லுணுகலைக் கடைத்தெருவிலிருந்து தேயிலைத் தோட்டத்துக்கு ஏறும் குறுக்குப் பாதை... மூடுபனியில் நீட்டிய கை தெரியாது. என் சிநேகிதி இராக்கம்மாவின் மாமா கணபதி அதில் தனியாக ஏறிக்கொண்டிருந்தார். ஆயிரத்துத் தொளாயிரத்துப் பன்னிரண்டாம் வருஷம். இராக்கம்மா சொன்னபடியே சொல்கிறேன். கிட்ட வந்து உட்காருங்கள்.

மூன்று நாள் முன்னால்தான் மச்சான் வடிவேலைப் புதைத்திருந்தார்கள். பிணத்தின் நெற்றியில் காசு வைக்க வேண்டுமல்லவா? வெள்ளிக் காசை வைக்கக் கணபதிக்கு மனம் வரவில்லை. காடு வெட்டித் திருத்திய புதுக்காட்டில் தேயிலைக் கன்றுக்குக் குழி வெட்டியபோது கிடைத்த, பச்சைக் களிம்பேறிய வெண்கலக் காசை வைத்துவிட்டார். ஒரு பக்கம், தலையில் பட்டி கட்டிய ராசா முகம். மறுபக்கம் அதே ராசா, நின்றபடி. ஒரு கையில் கொடி. மற்றக் கை ஒருவனின் தலைமயிரைப் பிடித்து இழுக்கிறது.

கணபதியின் பெண்சாதி வேலாயி அப்போதே கேட்டாள். செத்தவர் அவள் அண்ணன்.

"இது நம்ம ராசா இல்லையே."

"ராசா தலை இருந்தாப் போதும். செத்தவன் என்ன, கடைக்கா போறான்?"

நெற்றிக் காசு, புதைகுழி வெட்டியவனுக்குச் சேர வேண்டியது. அவன் தொடவில்லை. "இது எனக்கு வேணாங்க. அவரோடயே போகட்டும்." மண்ணைத் தள்ளிவிட்டான்.

பாதையில், பின்னால் சத்தம். சர்ர்ர்... நின்றது. மறுபடி, சர்ர்ர்... குதிகால்கள் சரளையில் இழுபடும் சத்தம். ஈரமண்ணோடு களிம்பு வாடை.

"மச்சான்..."

வடிவேலின் குரல்.

"அவரு என்னமோ கேக்குறாரு மச்சான். பாஷை வெளங்கல. பதில் சொல்லலேன்னு இழுக்குறாரு... குடுமிய விடச் சொல்லு."

கணபதி திரும்பவில்லை. லயத்து வீட்டு வாசலில் வந்துதான் மூச்சு விட்டார். கேட்டதையெல்லாம் வேலாயியிடம் சொன்னார்.

"எங்கண்ணன அந்தாளுகிட்ட விட்டுட்டு எனக்குச் சோறு எறங்காது," என்றாள் வேலாயி. "நாளைக்கே மாத்துங்க."

மறுநாள் நடுப்பகலில் இரண்டு பேருமாகத் தோண்டினார்கள். நெற்றியில் காசு அப்படியே இருந்தது. குடுமி இல்லை. வேரோடு போயிருந்தது.

வேலாயி வெள்ளிக் காசை வைத்தாள். கணபதி பழையதை எடுத்துத் திருப்பினார். ராசா நிற்கிறார். கொடி இருக்கிறது. மற்றக் கையில் ஒரு கொத்து மயிர் மட்டும்... ஆளைக் காணோம்.

"அண்ணன விட்டுட்டாரு," என்றாள் வேலாயி. பிறகு அவள் கண் புருஷனின் குடுமிக்குப் போனது.

"இப்ப அது உங்க கையிலல்ல இருக்கு."

"புதுக்காட்டுல எடுத்த குழியிலயே போட்டுட்டு வந்துர்றேன்."

போனார். விளக்கு வைத்தும் வரவில்லை.

விடிந்ததும் ஆட்கள் தேடிப் போனார்கள். பாதை நெடுக இரண்டு குதிகால் கோடுகள். புதுக்காட்டுக் குழி வரைக்கும் போய்... அங்கே நின்றுவிட்டன. குழிக்குள் காசு கிடந்தது, ராசா முகம் மேலே.

யாரும் அதைத் திருப்பிப் பார்க்கவில்லை.