அவள் கண்ணில் பிழையில்லை

உங்கள் கிளினிக் வாசலில் போட்டிருக்கும் வாங்கு நல்ல வாங்கு, டொக்டர். மூன்று மணித்தியாலம் இருந்தும் முதுகு நோகவில்லை. அதில் இருந்துகொண்டுதான் இதை எழுதுகிறேன். என் மனைவி மங்கையற்கரசிக்கு இந்த வருத்தம் எப்போது, எப்படித் தொடங்கியது என்று ஒன்றும் விடாமல் எழுதித் தரச் சொன்னீர்கள். இருபத்திரண்டு வருடமாகக் கணிதம் படிப்பிப்பவன் நான். படிமுறை தவறாமல் எழுதுவேன்.

எங்கள் பக்கத்து வழக்கம் உங்களுக்குத் தெரியும். வீடு பெண்ணுக்கு. செங்கலடியிலிருந்து பெரியகல்லாற்றுக்கு நான் மாப்பிள்ளையாக வந்தபோது வீடு அவளுடையது, கிணறு அவளுடையது, வளவில் நின்ற பதினொரு தென்னையும் அவளுடையவை. அதில் எனக்குக் குறை இல்லை. மங்கை தையல்காரி. அளவுநாடாவைத் தொடமாட்டாள். ஆளை ஒருதரம் மேலும் கீழும் பார்த்துவிட்டுச் சட்டை வெட்டுவாள், பொருந்தும். ஊரில் என்னை ‘மங்கையக்காட மனிசன்’ என்பார்கள். அதையும் பொறுத்துக்கொண்டேன்.

எனக்கென்று இருந்தது கேண்டில் ஒன்றுதான். தங்கத்தின் விலை ஏறி இறங்குவதைத் திரையில் மெழுகுதிரி வடிவில் காட்டுவார்கள். ஒவ்வொரு திரிக்கும் உடம்பு உண்டு, வால் உண்டு. இறங்கிவந்த விலையின் அடியில், கீழே நீண்ட வாலோடு ஒன்று நின்றால் அது சுத்தியல், இனி ஏறும். ஏறிய உச்சியில், மேலே நீண்ட வாலோடு நின்றால் எரிவெள்ளி, இனி இறங்கும். நாலு வருடம் யாருடைய தயவும் இல்லாமல் நானே படித்தேன். பிறகு பின்னேரங்களில் வீட்டு மண்டபத்தில் ஒன்பது பேருக்குப் படிப்பித்தேன். என் வகுப்பில் ஒரு கட்டளை உண்டு. திரையின் வலப்பக்கம் விலை இலக்கம் வரும் இடத்தைப் பிளாஸ்டர் ஒட்டி மறைக்க வேண்டும். இலக்கத்தைப் பார்த்தால் ஆசை வரும், பயம் வரும். வடிவத்தை மட்டும் பார்க்க வேண்டும்.

ஒருநாள் தேத்தண்ணி கொண்டுவந்த மங்கை என் தோளுக்குப் பின்னால் நின்று, “இது மறுகா விழும் போல கிடக்கு” என்றாள். ஏறும் என்று நான் சொல்லி வாய் மூடவில்லை. எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தநாள் விழுந்திருந்தது. குருட்டுவாக்கு என்றேன். அந்த மாதம் பதினேழு தரம் சொன்னாள், பதினைந்து சரி. அதை எண்ணியது நான் மட்டும்தான். எப்படித் தெரிகிறது என்று கேட்டேன். “தெரியா. துணி எங்க சுருங்கும் எண்டு தெரியிற மாதிரி” என்றாள். நாலு வருடம் கண் சிவக்கப் படித்தவனுக்குச் சொல்லும் பதிலா அது?

பிறகு ஆர்த்திகா. களுவாஞ்சிகுடியில் ஒரு வங்கியில் வேலை செய்யும் பிள்ளை, என் வகுப்பில் கெட்டிக்காரி. ஒரு மணித்தியாலம் விளக்கி, இது ஏறும் என்று நான் முடித்ததும் கேட்டாள்: “சேர், அக்கா என்ன சொல்றா?” ஒன்பது தலையும் மங்கை சமைத்துக்கொண்டிருந்த குசினிப் பக்கம் திரும்பின.

எனக்குப் பொறாமை வந்தது, டொக்டர். அதற்கு வேறு பெயர் வைத்து என்ன பயன். அன்றிரவு சோற்றைப் பாதியில் தள்ளிவைத்தேன். “உறைப்புக் கூடிப்போச்சா?” என்று மங்கை கேட்டாள்.

அடுத்த கிழமை அவளுக்கு ஒரு டெப் வாங்கிக் கொடுத்தேன், குசினியில் வைத்து அந்தச் சின்னத் திரையில் தனியாகப் பார்க்கட்டும் என்று. கண் கலங்கினாள். பிளாஸ்டரை நானே ஒட்டினேன். அந்தத் திரையில் படத்தைத் தலைகீழாக்க ஓர் இடம் உண்டு, பச்சையையும் சிவப்பையும் மாற்ற இன்னோர் இடம் உண்டு. நாலே நாலு தொடுகை. சுத்தியல் எரிவெள்ளியாகும், எரிவெள்ளி சுத்தியலாகும். இலக்கம் பார்க்காதவருக்கு அது பிடிபடாது.

எல்லா நாளும் அப்படிச் செய்யவில்லை. எப்போதும் பிழையாகச் சொன்னால் அவள் சுதாரித்துவிடுவாள், மறுபக்கத்தைச் சொல்லிச் சரியாகிவிடுவாள். அதனால் சில நாள் நிமிர்த்தியும் சில நாள் கவிழ்த்தும் வைத்தேன். ஒழுங்கு எதுவும் வராதபடி பார்த்துக்கொண்டேன்.

ஒரு பின்னேரம் ஏறும் என்று குசினியிலிருந்து சொன்னாள். மண்டபத்தில் ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். எல்லோருடைய திரையிலும் உச்சியில் எரிவெள்ளி நின்றது. “அடியில சுத்தியல் நிக்குதே, பாருங்க” என்று சொல்லிக்கொண்டே மண்டபத்துக்கு வந்தாள். நான் எழும்பிப் போய் டெப்பை எடுத்துவந்தேன். வரும் வழியில் நாலு தொடுகை.

“எங்க, காட்டு” என்றேன்.

நெடுநேரம் பார்த்தாள். “இப்பதானே பாத்தன்” என்றாள். “இஞ்சதான் நிண்டது.”

“களைச்சுப் போனாய். போய்ப் படு.” அன்பாகத்தான் சொன்னேன். ஆர்த்திகா கொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அதன் பிறகு யாரும் குசினிப் பக்கம் திரும்பவில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம் என்பீர்கள். ஆனால் அவள் இன்னும் நாடா இல்லாமல்தான் துணி வெட்டிக்கொண்டிருந்தாள். ஆகவே இன்னும் ஐந்து மாதம் செய்தேன். வகுப்பில் வாய் திறக்க மறுத்தாள். நான்தான் தினமும் கூப்பிட்டுக் கேட்டேன். கண் டொக்டரிடமும் நான்தான் கூட்டிப்போனேன். கண்ணில் ஒன்றும் இல்லை என்றார். அதற்குப் பிறகுதான் அவள் சரியாகப் பயந்தாள். மூன்று தரம் அளந்துவிட்டு நாடாவை என்னிடம் நீட்டுவாள், எத்தனை என்று வாசிக்க. பிறகு அடுப்பு அணைந்ததா, படலை பூட்டியதா என்று கேட்கத் தொடங்கினாள். இப்போது யன்னலில் வெயில் விழுந்திருக்கும்போது, “விடிஞ்சிட்டா?” என்பாள். ஓம் என்று நான் சொன்ன பிறகே எழும்புவாள். நான் ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை.

நேற்று உங்களோடு நாற்பது நிமிடம் கதைத்தாள். என்னோடு அவ்வளவு நேரம் கதைத்து ஒரு வருடம் இருக்கும். படம் தானாகக் கவிழ்ந்தது என்று சொன்னாளாம். அப்படி நடக்குமா என்று என்னைக் கூப்பிட்டுக் கேட்டீர்கள். நடக்காது என்றேன். அதை வைத்துத்தான் ஒரு மாதம் மனநோய் வாட்டில் வைத்திருக்க வேண்டும் என்று எழுதினீர்கள். வீட்டுக்குப் போனேன். யாரும் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அவளுடைய வீட்டில் நான் தனியாக இருந்தேன்.

ஆகவே அந்தப் பதிலைத் திருத்துகிறேன். படம் கவிழும். கவிழ்த்தது நான். அவள் கண்ணிலும் பிழையில்லை, புத்தியிலும் பிழையில்லை. வருத்தம் இல்லாதவளை வாட்டில் வைத்திருக்க நியாயமில்லை, வெள்ளிக்கிழமை அனுப்பிவிடுங்கள். நான் பார்த்துக்கொள்வேன். இந்தக் கடிதத்தை மட்டும் அவளுக்குக் காட்டவேண்டாம், டொக்டர். கலியாணம் முடித்த பதினெட்டு வருடத்தில் இப்போதுதான் அவள் என்னை நம்புகிறாள்.