பதினேழாவது குழியில் வந்த செய்தி

வெளிநாட்டில் விளையாடுகிறவர் என்றால் வசதியானவர் என்று எங்கள் ஊர் மாரண்டஹள்ளியில் எல்லோரும் நினைக்கிறார்கள். சென்னப்பன் மாமாவும் நானும் தாய்லாந்தில் ஒரே அறையில் தங்கி, ரைஸ் குக்கரில் சோறு வைத்துச் சாப்பிட்டோம். மாமா என் அக்கா சசிகலாவின் கணவர். பெங்களூரில் ஒரு கோல்ஃப் மைதானத்தில் பந்து பொறுக்கப் போய், பார்த்துப் பார்த்தே ஆடக் கற்றவர். பாதிப் போட்டிகளில் இரண்டாம் நாளே வெளியேறிவிடுவோம்.

மாலை வகுப்பில் படித்த ஆங்கிலம் இருந்ததால் மட்டைப் பை தூக்க என்னை அழைத்துப்போனார். விதிகளைப் படித்துச் சொல்வேன். அவர் போனும் என்னிடம்தான் இருக்கும். அக்காவுக்குப் போகும் செய்திகளைக்கூட அவர் சொல்லச் சொல்ல நானே அடிப்பேன்.

எனக்கு எதிலும் சந்தேகம். முதல் போட்டியிலேயே மாமா அதைக் கண்டுகொண்டார். "தப்பா வேணா சொல்லு மாப்ள, இழுக்காதே. நீ இழுத்தா என் கை நடுங்குது" என்றார். அன்றிலிருந்து எந்த மட்டை என்று கேட்டால் உடனே சொல்லப் பழகினேன்.

போன வருடம் தகுதிச் சுற்றின் கடைசி நாள். அதில் தவறினால் மாமாவின் வெளிநாட்டு ஆட்டம் முடிந்தது. பதினெட்டில் பதினேழாவது குழிக்கு வந்தபோது, ஒரு அடி கூடுதலாக அடித்தாலும் தகுதிப் பட்டியலுக்கு வெளியே போய்விடுவார் என்ற நிலை. என் இடுப்பில் போன் அதிர்ந்தது. ஆட்டத்தின்போது எடுத்துப் பேசக் கூடாது. அக்கா செய்தி அனுப்பியிருந்தாள்.

அவர்கள் மகள் பாப்பாவுக்குக் காய்ச்சல் என்று முன்பே தெரியும். இப்போது டெங்கு என்கிறார்கள், பிளேட்லெட் இறங்குகிறது, டாக்டர் உடனே பெங்களூருக்குக் கொண்டுபோகச் சொல்கிறார். "கெளம்பட்டுமாங்க? நீங்க சொன்னாத்தான் அனுப்புவேன்னு அத்தை நிக்கிறாங்க."

மாமாவிடம் காட்டினால் ஆட்டத்தைப் பாதியில் விட்டுக் கிளம்பிவிடுவார். ஒருமுறை மலேசியாவில் அப்படித்தான் செய்தார். அவர் அப்பாவுக்கு நெஞ்சுவலி என்றார்கள். ஓடிவந்து பார்த்தால் வாயுத் தொல்லை. அதையெல்லாம் யோசித்தேன். யோசித்தேன் என்று எழுதுகிறேன், உண்மையில் அவ்வளவு நேரம் இல்லை. மாமா கையை நீட்டி எந்த மட்டை என்று கேட்டார். ஏழாம் நம்பர் என்றேன். அவர் அடிக்கப் போனதும், "வேணாம். நாளைக்குப் பாத்துக்கலாம்" என்று அக்காவுக்கு அனுப்பினேன். கொஞ்சமும் இழுக்கவில்லை.

ஏழாம் நம்பர் சரியான மட்டைதான். மாமா தகுதி பெற்றார். என்னைக் கட்டிக்கொண்டு அழுதார். அதற்குள் அந்த இரண்டு செய்திகளையும் அழித்திருந்தேன். பாப்பா மறுநாள் காலை இறந்துபோனாள். நாலு வயது.

நாங்கள் வரும்வரை உடலை வைத்திருந்தார்கள். மாமாவைப் பார்த்ததும் அக்கா அழவில்லை.

"நீங்கதானே வேணாம்னீங்க" என்றாள்.

மாமா திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்கு அது போதுமாக இருந்தது. பை தூக்குகிறவன் விதியை மீறினால் தண்டனை ஆட்டக்காரருக்குத்தான், கோல்ஃபில் அப்படி.

"ஆமா சசி, நாந்தான் சொன்னேன்" என்றார்.

இப்போது வேறொருவன் பை தூக்க, மாமா எங்கோ ஆடிக்கொண்டிருக்கிறார். அக்கா அவரிடம் பேசுவதில்லை. எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். நான் வகுப்பு முடிந்து வந்தால் தட்டு வைத்துப் பக்கத்தில் உட்காருவாள். ஒருநாள், "கூடவே இருந்தியேடா, அவருக்கு நீயாச்சும் எடுத்துச் சொல்லக் கூடாதா?" என்று கேட்டாள். சொல்லிப் பார்த்தேன், அவர் கேட்கவில்லை என்றேன். அதையும் உடனே சொன்னேன்.

உண்மையைச் சொல்லிவிடலாம் என்று தினமும் தோன்றுகிறது. ஆனால் குழந்தையும் புருஷனும் போன பிறகு, தம்பியும் இல்லை என்றால் அக்கா தாங்க மாட்டாள். அவளுக்காகத்தான் சும்மா இருக்கிறேன்.