நடந்து காட்டிய நாள்

— அறுநூற்றி முப்பது பவுண் வாடகை நிக்குது, இஞ்சாருங்கோ. ஏலாதவைக்கு அரசாங்கம் குடுக்கிற அந்த பெனிபிட்டை நம்பித்தான் வீட்டுக்காரனிட்டைத் தவணை சொன்னனான். இப்ப தரமாட்டமெண்டு எழுதியிருக்கிறாங்கள்.

— எழுதட்டும், மலர்.

— நான் ஷிப்டுக்குப் போயிருக்க, உங்கட காலைச் சோதிக்க அவங்கட டொக்டர் வந்தவராம். நீங்கள் தடியில்லாமல் நடந்து, உங்கட கையால தேத்தண்ணியும் போட்டுக் குடுத்தீங்களாம்?

— வீடு தேடி வந்த மனுசருக்குத் தேத்தண்ணி குடுக்கப்படாதோ?

— விசர்க்கதை கதையாதேங்கோ! சீனி வருத்தத்தில தொண்ணூற்றிமூண்டில ரெண்டு கால்விரல் வெட்டினது. மிச்சக் காலில உணர்ச்சியுமில்லை. ஹீட்டரில கால் வெந்ததே உங்களுக்குத் தெரியேல்லை, கருகின மணத்துக்கு நானெல்லோ ஓடி வந்தனான். எப்பிடி நடந்தனீங்கள்?

— சுவரைப் பிடிச்சு, கதிரையைப் பிடிச்சு, பல்லைக் கடிச்சுக்கொண்டு.

— ஏனப்பா?

— டொக்டர் தனிய வரேல்லை. தமிழில மொழிபெயர்த்துச் சொல்ல ஒரு ஆளையும் கூட்டிக்கொண்டு வந்தவர்.

— ஆரை?

— எங்கட பிள்ளையைப் பெண் கேட்டு வந்த, ஹரோவில இருக்கிற பெடியன்ர சின்னம்மாவை.

— ஐயோ...

— சொல்லும் பாப்பம், அவவுக்கு முன்னால சப்பாத்தைக் கழட்டி விரலில்லாத காலைக் காட்டுறதோ? தகப்பனுக்கு உள்ள வருத்தம் மகளுக்கும் வருமெண்டு அண்டைக்கே சம்பந்தத்தை முறிச்சிருப்பினம். எங்கட சனத்தை உமக்குத் தெரியாதே!

— அதுக்கு?

— விண்ணப்பத்தில ஆரோ பிழையா எழுதிப்போட்டினம், எனக்கு ஒரு குறையுமில்லை எண்டனான். மாடிப்படியும் ஏறிக் காட்டினன். தேத்தண்ணிக்கு மூண்டு கரண்டி சீனி போட்டு அவ பாக்கக் குடிச்சன்.

— மூண்டு கரண்டியோ!

— ரெண்டு நாள் தலை சுத்தினதுதான். வாடகைக்கு என்ர மோதிரத்தை வித்துக் குடும். பிள்ளைக்கு நல்ல இடம் அமைஞ்சால் எனக்குக் காணும். ஏன் அழுறீர்?

— காலமை ஹரோவில இருந்து போன் வந்தது.

— நாள் வைச்சிட்டினமோ?

— வேண்டாமாம்.

— ஆ? என்ர காலைப் பற்றி ஆர் சொன்னது?

— ஒருத்தரும் சொல்லேல்லை. ஏன் அப்பிடிக் கதைச்சவையெண்டு எனக்கு இப்பதான் விளங்குது.

— என்னெண்டு கதைச்சவை?

— குண்டுக்கல்லு மாதிரித் திரியிற மனுசன், கால் ஏலாதெண்டு பொய் சொல்லிக் காசு கேக்குதாம். கள்ளன்ர வீட்டில பெண் எடுக்கமாட்டினமாம்.