கூஜா குளிர்ற வரைக்கும்

உக்காரு தம்பி. தேடித்தான் முடிச்சிட்டியே. அரிசிப் பானையிலகூட கைய வுட்டுப் பாத்துட்ட. அதுக்குள்ள ஒரு பொம்பள எப்படி ஒளிவா, சொல்லு. இல்ல இல்ல, உன்னைக் குத்தம் சொல்லல. ஆளு விக்கற தரகன் கொட்டாயிலேர்ந்து ஒருத்தி ஓடிட்டா, அவன் சேவகன் நீ தேடித்தான் ஆவணும். இல்லாங்காட்டி அவ எடத்துல உன்னைக் கப்பல்ல ஏத்தினாலும் ஏத்துவான்.

சும்மா சொன்னேன். மூஞ்சிய அப்படி வெச்சிக்காத.

என் வூட்டுக்காரியா? லோகாம்பா இன்னும் வரல. நீ வந்து எறங்கும்போதுதான் அவ தோணிய எடுத்துக்கினு கெளம்பினா, துளசி பறிக்க. நீகூட நல்ல புள்ளையா ஒரு கை குடுத்துத் தள்ளிவுட்ட. இன்னா இவ்ளோ கனமா கீதுன்னு கேட்ட. உள்ள சுருட்டி வெச்சிருந்தது ஈர வலை தம்பி. அப்படித்தான் கனக்கும்.

வெயில்ல வந்தது தலைய சுத்துதுன்னு சொன்னியே. வெள்ளக்காரத் தொரைக்குக் குடுக்கறதுல ஒரு கிண்ணம் உனக்கும் தரேன். பயப்படாத, தொர நாளைக்குத்தான் வராரு. இந்தத் தோட்ட வூட்டுக்கு நான் ஒருத்தன்தான் சமையக்காரன், காவக்காரன் எல்லாம். யாரு பாக்கப் போறா?

இதான் எல. மோந்து பாரு. காஞ்ச புல்லு மாதிரிதான் இருக்கும். ‘தே’ன்னு இந்த எலைக்குப் பேரு சொல்றாங்க. சீனத்துலேர்ந்து வருதாம். தண்ணி கொதிச்சதும் எறக்கிடணும், கொஞ்சம் ஆறவுட்டுத்தான் எலையப் போடணும். கொதிக்கக் கொதிக்கப் போட்டா கசந்துடும். நானும் மொதல்ல கஷாயம் மாதிரி சுண்டக் காய்ச்சிக் குடுத்தேன். தொர ஒரு வாய் குடிச்சிட்டு என்னையே பாத்தாரு. விஷம் வெச்சிட்டேன்னு நெனச்சிட்டாரோ இன்னாவோ.

அப்புறம் நானா சேத்ததுதான் நன்னாரி, வெட்டிவேரு, ரெண்டு வில்லை எலுமிச்சம்பழம். கடைசில துளசி. அதான் லோகாம்பா போயிருக்கா.

இன்னா கொணம்னா? ஒண்ணா ரெண்டா. சூடு தணியும், செரிமானம் ஆவும், நீர்க்கடுப்பு போவும், புத்தி தெளியும்னு தொர சொல்றாரு. அவங்க ஊர்ல ஒரு வைத்தியரு நாள் பூரா இதையே குடிக்கச் சொல்லுவாராம். குடிச்சா மனசு லேசாவும்னு வேற. அது நெசம்தான். இந்தத் தாவாரத்துலதான் தரகனும் தொரையும் உக்காந்து பேசுவாங்க, எத்தினி ஆளு ஏத்தறது, எத்தினி பேரு வழியில தாங்குவாங்கன்னு. நடுவுல ஒரு வாய் குடிச்சிக்குவாரு. மூஞ்சில ஒரு சுருக்கம் இருக்காது. நான் பின்னாடி நின்னுக்கினு விசிறுவேன். அந்த மனசு லேசானது என் கைப்பக்குவத்துலயா, இல்ல பொறந்ததுலேர்ந்தே அப்படித்தானான்னு எனக்கு இன்னிக்கு வரைக்கும் தெரியல.

சரி, நீ இங்க பாரு. இதான் வேடிக்கை. இந்தத் தொட்டித் தண்ணில ரெண்டு கை வெடியுப்பு போடறேன். ஆமாம், கோட்டையில வெடிமருந்துக்கு இடிக்கறாங்களே, அதே உப்பு. இப்ப வெரல வையி. ஜில்லுனு கீதா? காய்ச்சினத ஊத்தின கூஜாவ இதுக்குள்ள வெச்சி சுத்திக்கினே இருக்கணும். நிறுத்தினா போச்சு. அதே உப்பு பீரங்கிக்குள்ள போனா ஆளக் கொல்லுது, இங்க தொரையோட தொண்டையக் குளிர வெக்குது.

நேரமாவும், இரு. அவசரப்பட்டா வெதுவெதுன்னுதான் குடிக்கணும்.

தொர ஊர்ல குளிருக்கு ஏரியே ஒறைஞ்சி கல்லு மாதிரி ஆயிடுமாம். மேல நடந்தே போவாங்களாம். நெனச்சா சிரிப்பு வருது. நம்ம ஏரில கடல் தண்ணி ஏறி வடிஞ்சப்புறம் காலை வையி, தொடை வரைக்கும் சேறு இழுத்துக்கும். நீ எந்த ஊரு? அனுப்பம்பட்டா? அதான் பாத்தேன், நெல்லு வெளையற ஊருக்காரன். ஓடிப்போனாளே வேலம்மா, அவளும் அந்தப் பக்கம்தானாமே. மழை பொய்ச்சதும் கொழுந்தன்காரன் அரிசிக்கு வித்துட்டானாம். உனக்குத் தெரியுமா? பக்கத்துத் தெருவா? ம்.

சரி வுடு. பேச வேணாம்.

ஆயிடுச்சு. புடி. மெதுவா குடி, நெத்தி விண்ணுனு வலிக்கும். எப்படி கீது? பல்லு கூசுதா? அவளும் அதையேதான் சொன்னா.

யாரா? வேலம்மாதான். காத்தால கொல்லப்பக்கம் வந்து தண்ணி கேட்டா. வெறும் தண்ணி இல்ல, நாளைக்கு வர தொரைக்காக அப்பதான் சுத்திப் பாத்தது கூஜாவுல இருந்துச்சு, அதக் குடுத்தேன். பல்லு கூசுது சாமின்னு சொல்லிட்டு அழுதா. இதால ஒடம்புக்கு இன்னா நல்லதுன்னு அவளைக் கேட்டாத்தான் சரியா தெரியும்.

எழுந்துக்காத. கிண்ணம் சாயுது பாரு.

துளசி போடலியேன்னு நீ கேக்கவே இல்ல. வாசல்ல காலு கழுவினியே, அந்தத் தண்ணி எந்தச் செடிக்குப் போச்சு, பாத்தியா? அதான் துளசி. அதப் பறிக்க எதுக்குத் தோணி? அப்புறம், ஈர வலைய எவனும் சுருட்டித் தோணில போட்டு வெக்கமாட்டான் தம்பி. ஒரே நாள்ல மக்கிப்போவும். கரையில விரிச்சிக் காயத்தான் வெப்போம். எங்க குப்பத்துப் பசங்க யாரு வந்திருந்தாலும் அங்கியே வலையத் தூக்கிப் பாத்திருப்பாங்க. நீ பாவம், தள்ளிவுட்ட.

எந்தப் பக்கம் போனாங்கன்னு நான் சொல்லமாட்டேன். படகுல தொரத்திப் புடிச்சிடலாம்னா நெனைக்கற? போய்ப் பாரு. நீ வரும்போது தண்ணி ஏத்தம், இப்ப வடிஞ்சிடுச்சு. உன் படகு வயிறு பெருத்த படகு, சேத்துல குந்திக்கினு கீது. பொழுது சாயாம நகராது. லோகாம்பா தோணிக்கு ஒரு சாண் தண்ணி போதும்.

என்னைக் கட்டி இழுத்துக்கினு போவலாம்தான். ஆனா நாளைக்குத் தொர வராரு. இந்த உப்புல கூஜா சுத்தத் தெரிஞ்சவன் இந்தக் கரையில நான்தான். என்னைக் காப்பாத்தப்போறது தர்மமா, அவரு தாகமான்னு கேட்டா, தாகம்தான். வெக்கமாத்தான் கீது, இன்னா பண்றது.

உன்னைப் பத்திதான் யோசிச்சிக்கினு இருக்கேன். தேடினேன், கெடைக்கலன்னு சொல்லு. பொய் இல்லியே. அரிசிப் பானை வரைக்கும் தேடினது நெசம்தானே. தோணி தள்ளின கத எனக்கும் உனக்கும்தான் தெரியும். நானா சொல்லப்போறதில்ல.

குடி தம்பி. ஜில்லுப்பு போயிடும்.